மழை நாளில் நீ நிரப்பிய தாள்

போன வாரம் மாயாபந்தர் ஜெட்டியில் மீன் வாங்க நின்றிருந்தேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன் ஆளுக்கொரு கத்தைத் தாளைத் திணித்துக்கொண்டே போனான். கடலடியை ஆராய மறுபடி கப்பல் வருகிறதாம், புதன்கிழமை மீனவர்களுக்கு விளக்கக் கூட்டமாம். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் போன ஆய்வில் நீ நிரப்பிய தாள், உன் கையெழுத்து. ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு போடும் உன் பழக்கம் ஜெராக்ஸில் கூட அப்படியே இருக்கிறது. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது, இன்னும் அந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய். வந்த கோபத்தில் மீனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இல்லாத மனிதனை ஏசுவது தப்பென்று எனக்கும் தெரியும். இது ஏசுவதற்காகவே எழுதும் கடிதம்.

திக்லிபூர் போகும் கப்பலில் இருபது வருஷம் ஒரே டெக்கில் கயிறு இழுத்தோம். ஓய்வு பெற்ற கையோடு ஆய்வுக் கப்பல் வேலைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவன் நீ. "சும்மா நின்னு கடலப் பாக்குறதுக்கு ஆள் எடுக்குறான்டா. இத்தனை வருஷமா நாம வேற என்னத்தக் கிழிச்சோம்?" என்று கேட்டாய். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன், புத்தி கெட்டு.

கப்பல் பின்னால் மைல் கணக்கில் கேபிள் மிதக்கும். அதற்கு முன்னால் காற்றுத் துப்பாக்கிகள். பத்து விநாடிக்கு ஒரு முறை தண்ணீருக்குள் வெடிக்கும், அந்தச் சத்தம் தரைக்குக் கீழே போய்த் திரும்புவதை வைத்து எங்கே எண்ணெய், எங்கே வாயு என்று கணக்குப் பார்ப்பார்கள். டெக்கில் நிற்கிற நமக்குக் காலடியில் ஒரு 'டொம்', அவ்வளவுதான். ஒரு நாள் கீழே அறையில் இரும்புச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் வைக்க முடியவில்லை. காதால் வழி கண்டுபிடித்து, காதால் இரை தேடி, காதால் குட்டியைக் கூப்பிடும் ஜீவன்களுக்கு ராத்திரி பகலாக வாரக்கணக்கில் அது எப்படி இருக்கும் என்று உன்னிடம் கேட்டேன்.

அதற்காகத்தான் நம்மை வைத்திருந்தார்கள். துப்பாக்கியைத் தொடங்குமுன் ஒரு மணி நேரம் சுற்றிலும் பார்க்க வேண்டும். திமிங்கலமோ ஓங்கில் என்கிற டால்பினோ கப்பலைச் சுற்றிக் குறித்த வட்டத்துக்குள் இருந்தால் அது போகிற வரை தொடங்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் கேப்டனைவிட நாம்தான் பெரியவர்கள் என்று மீசையைத் தடவிக்கொள்வாய். முதல் வாரமே ஒரு தாயும் குட்டியும் வந்தபோது, பொறுப்பதிகாரி கத்து கத்தென்று கத்தியும் நீ அசையவில்லை. "அபீ நஹீ சாப், பச்சா ஹை சாத் மே" என்றாய். குட்டி கூட இருக்கிறது, இப்போது முடியாது என்று ஒரு சாப் முகத்துக்கு நேரே நீ சொன்னது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்படி நின்ற ஆள்தான் பிறகு அப்படிச் செய்தாய் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

அந்த மழையை நீ மறந்திருக்க மாட்டாய். கப்பலின் மூக்கே தெரியவில்லை. கேபிளின் மிதவைகள் தெரியவில்லை. மேலேயிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. தாளில் இரண்டே கட்டங்கள்: விலங்கு தென்பட்டது, தென்படவில்லை. நீ இரண்டாவதில் டிக் போட்டாய்.

"ஒண்ணுமே தெரியலையே, எப்படிப் போடுற?" என்றேன்.

"நீ எதாச்சும் பாத்தியா? பாக்கலல்ல? அப்ப இதான். கட்டம் ரெண்டுதான் குடுத்திருக்கான், மூணாவதுக்கு நா எங்க போறது? சோடோ, விட்டுத்தள்ளு, கையெழுத்தப் போடு."

போட்டேன். உன் பெயருக்குக் கீழே என் பெயர். டொம், டொம் என்று தொடங்கிவிட்டது.

மழை விட்டபோது கரைப் பக்கமாக ஓங்கில்கள் போய்க்கொண்டிருந்தன. விளையாட்டாக வருகிற கூட்டம் இல்லை அது, நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று சின்னது, பின்தங்கிப் பின்தங்கி வந்தது. "வட்டத்துக்கு வெளிய இருக்கு" என்று நீ பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டாய். துப்பாக்கி தொடங்கும்போது அவை எங்கே இருந்தன? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அந்தத் தெரியாததைத்தான் நீ 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தாய். பிறகு ஜெட்டியில் மீன் ஏன் குறைந்தது என்று கேட்டவர்களிடமும் "சீசன் அப்படி" என்றாய். சத்தத்தாலா, பருவத்தாலா என்று நானும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லியிருக்கக் கூடாது.

கூட்டத்துக்கு முன்னால் பஸ் ஏறி போர்ட் பிளேர் போனேன். குட்வில் எஸ்டேட்டில் உன் வீட்டில் செல்வி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளைப் பற்றிக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்றதை முழுசாகக் கேட்டாள்.

"அண்ணா, இருந்தா அவரே வந்து சொல்லட்டும். இல்லாத ஆள எதுக்குப் பஞ்சாயத்துக்கு இழுக்குறீங்க? அவர் பேர் வேண்டாம்."

கேட்டது உன் மனைவி. சரியென்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் உன் பைனாகுலரைக் கொண்டுவந்து என் பையில் வைத்தாள். "கடைசி வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா இதத் தொடைப்பார். ஒரு நாளும் வெளிய எடுத்துட்டுப் போகல" என்றாள். ஆக, உனக்கும் உறுத்தியிருக்கிறது. உறுத்திக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு இன்னும் கோபம்தான் ஏறியது.

புதன்கிழமை கம்பெனி ஆள் மைக்கில் வாசித்தான்: முந்தைய ஆய்வில், கடைசிப் பக்கத் தாளின்படி, துப்பாக்கி தொடங்குமுன் இந்தப் பகுதியில் கடல் பாலூட்டிகள் எதுவும் தென்படவில்லை. நான் எழுந்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது, அன்றைக்கு மழையில் எதையும் பார்க்க முடியவில்லை என்று இந்தியில் சொன்னேன். குறிப்பெடுக்கும் கிளார்க் எழுதி முடித்து வாசித்துக் காட்டினான்: "குச் நஹீ தேகா."

ஒன்றும் பார்க்கவில்லையாம். நீயேதான் எதிரில் உட்கார்ந்திருந்தாய் என்று தோன்றியது.

"நஹீ பாபு. பார்க்க முடியலன்னு எழுதுங்க. தேக் நஹீ சகா."

"ஏக் ஹீ பாத் ஹை" என்றான். இரண்டும் ஒன்றுதானாம்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல. அத வெட்டுங்க" என்று நின்றேன். பின்னால் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்துவிட்டன. உட்காருங்க அங்கிள் என்று யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உட்காரவில்லை. அவன் அதிகாரியைப் பார்த்தான், அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதினான். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

கப்பல் வரத்தான் போகிறது. ஒரு வரியைத் திருத்தியதால் அது நிற்காது. கடல் பார்க்க மறுபடி உள்ளூர் ஆட்கள் வேண்டுமாம், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். என் வாய்ப் பேச்சைக் கேட்ட பிறகு எடுப்பார்களோ மாட்டார்களோ. எடுத்தால், மழை வருகிற நாளில் மூன்றாவது கட்டத்தை நானே கோடு கிழித்துப் போட்டுக்கொள்வேன். பையில் உன் பைனாகுலரோடு ஒரு ஸ்கேலும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நீ என்னிடம் ஒரு ஸ்கேல் கேட்டிருக்கலாம். கப்பலையே புரட்டிப் போட்டாவது தேடிக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன்.