உன் காரை விற்கப் போகிறேன், மச்சான்

அன்பும் ஆத்திரமும் சரிபாதியாக, என் மச்சான் குமரனுக்கு,

நீ போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. அங்கே நிம்மதியாகத்தான் இருப்பாய். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, "வண்டிய மாப்ள ஓட்டட்டும்" என்று சொல்லி, உன் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனவனுக்கு நிம்மதிக்கு என்ன குறைச்சல்?

உன் பழைய மின்சாரக் காரை விற்பதா வேண்டாமா என்று திண்டிவனத்தில் நம் வீட்டில் மூன்று மாதமாகச் சண்டை. விற்றே தீருவேன் என்று நான். கூடவே கூடாது என்று உன் தங்கை செல்வி. கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாமல் போய்விட்டாய். உன்னுடையது என்று அவளிடம் மிச்சம் இருப்பது அந்த வண்டி ஒன்றுதான். நாளை ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. அது தெரிந்த நாளிலிருந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவாள்.

என் வயிற்றெரிச்சலையும் கேள். புதுச்சேரி டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்த வண்டியை வாங்கி வந்து என்ன பேச்சுப் பேசினாய்! "இன்ஜின் இல்ல, ஆயில் இல்ல, செலவே இல்ல மாப்ள. சார்ஜ் போட்டுக்கினு போய்க்கினே இருக்கலாம்" என்றாய். போய்க்கொண்டேதான் இருக்கிறேன், மெக்கானிக் கடைகளுக்கு.

ஒருநாள் காலையில் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரிதான் போய்விட்டது, மாற்றினால் லட்சக்கணக்கில் ஆகும் என்று பார்த்தவனெல்லாம் பயமுறுத்தினான். லாரியில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்தால், எல்லாக் கார்களிலும் இருக்குமே, அந்தச் சின்னப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி செத்திருக்கிறது. அதற்கு ஐந்தாயிரம், லாரிக்கு ஏழாயிரம். இப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்று நீ சொல்லியிருக்கக் கூடாதா?

முழு சார்ஜில் நூற்றி நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்றாயே, எண்பதைத் தாண்டுவதில்லை. விழுப்புரத்தில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்த் திரும்பவே எழுபத்தைந்து ஆகிறது. ஏசியைத் தொட முடியாது. சித்திரை வெயிலில் சட்டை நனைந்து கூட்டேரிப்பட்டுக்கு வரும்போது மீட்டரில் ஆமைப் படம் எரியும். சார்ஜ் தீரப் போகிறது, இனிமேல் வேகம் கிடையாது என்று அர்த்தமாம். கரும்பு ஏற்றிய டிராக்டர் கூட ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஐப்பசியிலிருந்து சார்ஜ் ஏறுவதிலும் தகராறு. போட்ட கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், மறுபடி பிடுங்கிச் சொருக வேண்டும். பெரிய பட்டறை ஒன்றில் காட்டினால், வண்டிக்குள் இருக்கும் சார்ஜரையே மாற்ற வேண்டும், தொண்ணூறாயிரம் ஆகும், சாமான் வர இரண்டு மாதம் என்றார்கள். அன்றைக்குத்தான் வியாபாரிக்கு ஃபோன் போட்டேன். நீயே சொல், வேறு யாராவது இதைவிடப் பொறுமையாக இருந்திருப்பார்களா?

கடைக்கு வந்த ஒருவர், கோலியனூரில் பேட்டரி ஆட்டோ பழுது பார்க்கும் ஜெயந்தி என்ற அம்மாவைப் பற்றிச் சொன்னார். விற்பதற்கு முன்னால் காட்டிவிடலாமே என்று வியாழக்கிழமை கிளம்பினேன். செல்வியும் வந்து ஏறிக்கொண்டாள். "கடசியா ஒருவாட்டி இந்த வண்டில வர்றேன்" என்றாள். அந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஜெயந்தி சார்ஜ் போடும் இடத்து மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு ஊசியால் நோண்டினார்.

"இன்னாங்க இது, ஓட்டைக்குள்ள சந்தனம் காஞ்சிக் கெடக்குது? குங்குமம் வேற! கரன்ட் எப்பிடி ஒழுங்கா போவும்? சூடேறி உள்ள உருகியே போச்சி. இத்த வெச்சிக்கினா இத்தினி நாளா ஓட்டிக்கினு இருந்தீங்க?"

தினமும் அதில் வயரைச் சொருகுகிறவன் நான். என் கண்ணில் படவில்லை. நான் கண்ணாடிக் கடைக்காரன் என்பதை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே.

எனக்கு வந்த கோபத்தில், "எல்லாம் என் மச்சான் வேலைங்க. செத்தும் என் உயிர எடுக்கறான்!" என்று கத்திவிட்டேன்.

"அண்ணனத் திட்டாதீங்க. நாந்தான் வெச்சேன்" என்றாள் செல்வி.

ஆயுத பூஜை அன்று வைத்திருக்கிறாள். துக்கம் நடந்த வருஷம், வீட்டில் பண்டிகையே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவன் நான்தான்.

"வருசா வருசம் அண்ணன் வண்டிக்கு நாந்தானே பொட்டு வெப்பேன்? அத மட்டும் சும்மா உட மனசு வரல. வெளிய வெச்சா நீங்க பாத்துருவீங்க, ஊரும் பேசும். அதான் மூடியத் தொறந்து ஓட்டைக்குள்ள வெச்சி, சுத்தித் தொடச்சிட்டேன்."

ஜெயந்தி குறுக்கே வந்தார். "சார்ஜர் நல்லாத்தாங்க கீது. இந்த சாக்கெட்ட மாத்தினா போதும். பன்னெண்டாயிரத்துல முடிஞ்சிரும்." கையோடு, முன்சக்கரத்து ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, நாலு டயரும் அடுத்த மழைக்குத் தாங்காது என்றும் சொன்னார். உன் வண்டி நல்ல செய்தியை மட்டும் தனியாகத் தருமா என்ன?

திரும்பி வரும் வழியில், "வித்துடுங்க. நீங்க படற பேஜாரு போதும். நான் தாங்கிக்குவேன்" என்றாள் செல்வி. மூன்று மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் சண்டை போட்டேன். கிடைத்ததும் எனக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டது.

மச்சான், வெளியில் உன் பெயரை எடுத்தால், பாவம், நல்ல மனுஷன் என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறார்கள். வீட்டில் எடுத்தால் செல்வி அழுகிறாள். அந்த வண்டிக்குள் மட்டும்தான் விழுப்புரம் போகவும் வரவும் உன்னோடு உரக்கப் பேசுகிறேன். கோபத்தில் பேசுகிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வண்டியைக் கொடுத்துவிட்டால் நான் யாரோடு பேசுவது?

சாக்கெட்டை மாற்றிவிடச் சொல்லி ஜெயந்தியிடமும், வர வேண்டாம் என்று வியாபாரியிடமும் சொல்லிவிட்டேன். வியாபாரி தன் பங்குக்கு என்னைத் திட்டினார்.

ஒருநாள் அந்தப் பெரிய பேட்டரி நிஜமாகவே போகும். அதுவரைக்கும் ஓட்டுகிறேன். செல்வி பக்கத்தில் இருக்கும்போது உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், இது சத்தியம். தனியாகப் போகும்போது வாய்க்கு வந்தபடி திட்டுவேன். நீ பாட்டுக்குத் தூங்கிவிடாமல் கேட்டுக்கொண்டு வா.

உன் காரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற,
உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
சேகர்