பத்தாவது மெஷின்

மார்ச் 4
ஒன்பது தையல் மெஷின் ஓடுகிறது. பத்தாவது, வாங்கின நாளிலிருந்து மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பத்தாவது ஆள் உட்கார்ந்தால் தொழிற்சாலைக் கணக்காம், லைசென்ஸ் வேண்டுமாம். விண்ணப்பம் கொடுத்துப் பதினான்கு மாதம். பள்ளி திறப்பதற்குள் நாலாயிரம் புத்தகப்பை கேட்கிறார் கடைக்காரர். ஒன்பது பேரால் ஆகிற காரியமா? நாத்தனார் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. "நீ வா, பத்தாவது மெஷின் உனக்குத்தான்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் வேறு.

மார்ச் 9
லைசென்ஸ் ஆபீசுக்குப் போனேன்.
"ஃபைல் மேல போயிருக்குங்க."
"மேலன்னா? மாடிக்கா?"
"மேலங்க." எழுத்தர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.
தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அக்கறையாகப் பேசினார்: "ஒன்பதோட நிறுத்திக்கோங்கம்மா. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."
வளராமல் இருக்கவா நான் தொழில் ஆரம்பித்தேன்?

மார்ச் 16
போர்வையை உருவிவிட்டேன். நாத்தனார் உட்கார்ந்தாள். அடேயப்பா, என்ன கை அது! மதியத்துக்குள் இருபது பை. வருவது வரட்டும்.

மார்ச் 23
வந்துவிட்டார்.
வாசலில் பைக் சத்தம் கேட்டதும் நாத்தனாரை மெஷினிலிருந்து எழுப்பி, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு டம்ளரைத் திணித்தேன். இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார்.
"இவங்க?"
"விருந்தாளி சார். வீட்டுக்காரரோட தங்கச்சி. சும்மா பாத்துட்டுப் போக வந்தா."
அவள் மடியெல்லாம் நூல் பிசிறு. டம்ளரில் ஒன்றுமில்லை. அதையும் குடிப்பதுபோல் வாயில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 24
நாத்தனார் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.
"என் தங்கச்சிய என்னடி சொன்னே?" என்கிறார் இவர்.
என்ன சொன்னேன்? சும்மா வந்தாள் என்றேன். வேலை செய்துகொண்டிருந்தவளை — சும்மா! என் நாக்கில் தீயை வைக்க.

ஏப்ரல் 30
பாதி ஆர்டர் போச்சு. அந்தப் பாதியைக் கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைக்கிறாராம்.

ஜூன் 11
லைசென்ஸ் வந்தது. இருபது பேர் வரை வைத்துக்கொள்ளலாம். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது.
காகிதத்தை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன். ஒரே அறை. கதவோரம் வாடகை மெஷின் போட்டு, யாருடைய சட்டைக்கோ ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
"பத்தாவது மெஷின் இனிமே உன்னோடது. சட்டப்படியே!"
கடைசி வரி வரை படித்தாள். மடித்துக் கொடுத்தாள்.
"உக்காருங்க அண்ணி. விருந்தாளி நின்னுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"
ஒரு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். இதில் டீ இருந்தது. முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.