எத்தியோப்பியாவில் இன்னும் வெயில்

ஜூலை, வியாழன் இரவு

1. மகன் கேட்ட கேள்வி.
2. பேத்தியின் பூகோளப் பாடம்.
3. தூரம் என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. அதனால் அவன் போகக் கூடாது.

மகனைக் கம்பெனி எத்தியோப்பியாவுக்குக் கூப்பிடுகிறது. அங்கே புதிதாகத் தொடங்கிய ஷூ தொழிற்சாலையில், தையல் பிரிவில் இரண்டு வருடம் சூப்பர்வைசர் வேலை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் அவன் முடிவு செய்ய வேண்டும்.

"இன்னாப்பா சொல்றீங்க?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் யோசனைதான்.

சாப்பிட்டதும் பேத்தி ஜெனி அட்லஸை விரித்தாள். ஏழாம் வகுப்பு. அரபிக்கடல் அவளுடைய இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. "இவ்ளோ கிட்ட தாத்தா" என்று சிரித்தாள். பாவம் குழந்தை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தீர்க்கக் கோடுகளை எண்ணிக் கணக்குப் போட்டாள்.

"நமக்கு விடிஞ்சு ரெண்டரை மணி நேரம் கழிச்சுத்தான் அங்க விடியும். எனக்குத் தூக்கம் வர்ற நேரத்துலதான் அப்பா வேலை விட்டு வருவாரு. நான் முழிச்சிட்டு இருக்கணும்."

"தூங்கிட்டா?"

"நீங்க எழுப்பணும்."

இப்போது மணி ஒன்பது. இங்கே மலைக்குப் பின்னால் இறங்கிய வெயில் கடலைக் கடந்து போய், அங்கே ஏதோ ஒரு வாசலில் இன்னும் மஞ்சளாகக் கிடக்கும். அவன் அதில் நடந்து வருவதுபோல் தெரிகிறது.

மூன்றாவதாக எழுதியது தவறு. அவளுக்குத் தூரம் புரிந்திருக்கிறது. போய் வா என்று சொல்ல, காலையில் எனக்கு வாய் வர வேண்டும்.