நாலு விரல் துணி

பிப்ரவரி 8, ஞாயிறு

பெங்களூரில் மகள் ஷமீமா ஒன்றரை வருடம் உட்கார்ந்து வரைந்த கார்ட்டூன் தொடர் வெள்ளிக்கிழமை வெளியானது. "பெரியவங்களுக்குள்ளது. கெட்ட வார்த்தை நெறய வரும், நீங்க பாக்காதீங்க அத்தா" என்று போனில் சொல்லியிருந்தாள். சொன்னதாலேயே, கடைக்கு விடுமுறையான இன்று பார்த்தேன்.

கெட்ட வார்த்தைதான், ரத்தம்தான். ஆறாவது பாகத்தில் ஓர் அரக்கன், தான் கொன்றவனைப் போர்த்தத் துணி அளக்கிறான். அளவுக்கு மேல் நாலு விரல் தள்ளிக் கத்தரி வைத்து, ஒரே இழுப்பில் கிழிக்கிறான். அது என் கை. கோணல் சுண்டுவிரல்கூட என்னுடையதுதான்.

விமர்சனம் எழுதியவர்கள் அந்த இடத்தைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். 'எதற்கு அந்த நாலு விரல் என்று புரியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவனை வெறுக்க முடியவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நனைத்தால் துணி சுருங்கும், அதற்குத்தான். பாலக்காட்டில் முப்பது வருடமாக இப்படி நாலு விரல் கூட்டித்தான் துணி விற்கிறேன், வாங்குகிறவர் ஒருவரும் இதைக் கவனித்ததில்லை. கடைக்கு வந்தால் ஷமீமா போனை விட்டுத் தலை நிமிர்த்தவே மாட்டாள் என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்.

மாலையில் அவளைக் கூப்பிட்டேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, "சுண்டுவிரல் இன்னுங் கொஞ்சம் வளையும்மா" என்றேன்.

"வீடியோவுல வாங்க அத்தா, கையக் காட்டுங்க" என்றாள். கையை விரித்துப் போனுக்கு நேராகப் பிடித்தேன்.