சர்வரின் மணியும் என் கைக்கடிகாரமும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
15.5.1999

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். காலை ஏழரைக்கு இன்சுலின் ஊசி தவறாமல் போட்டுக்கொள்கிறீர்களா?

நேற்று ஆபீசில் ஒரு சின்னக் கூத்து. எங்கள் கல்யாண வரன் வெப்சைட்டை நடத்தும் சாஃப்ட்வேருக்குப் பதினொன்றரைக்குப் புது வெர்ஷன் போட்டோம். அதற்குப் பிறகு ஏற்றிய வரன் ஒன்றுகூடத் தெரியவில்லை. பக்கத்து சீட் புனிதவதி அக்காதான் எதையோ மாற்றியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். தேடிப் பார்த்தால், வெப்சைட் ஓடும் சர்வர் கம்ப்யூட்டரின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. புது வரன்களில் எங்கள் கம்ப்யூட்டர்களின் நேரம் பதிந்திருப்பதால், அவற்றுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று நினைத்து அது மறைத்து வைத்திருக்கிறது.

உடனே எல்லோரும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதில் இன்னும் நம் ஊர் நேரம்தான், அதுவும் இந்த நாட்டு நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே தன் டிராயரைப் பூட்டினார்.

கடைசியில் முதலாளி விநாயகமூர்த்தி வாய் திறந்தார். "வெள்ளிக்கிழமை பதினொன்றரை ராகு காலம்லா. நீங்க போடுறதுக்கு முந்தி நான்தான் மணியை ஒம்பதாக்கி வச்சேன்."

இன்று காலையும் அக்கா டிராயரைப் பூட்டினார். நானும் பூட்டினேன்.

கடிகார வார் அறுகிற மாதிரி இருக்கிறது, கறுப்பில் ஒன்று அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஆபீசில் என் கைக்கடிகாரத்தில் மணியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற மாட்டேன். அது ஏழரை காட்டினால்தான் நீங்கள் ஊசி போடும் நேரம் எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்,
வசுமதி