லோட்டே என்ற குதிரையின்மேல் நான் எழுதிய பொய்யை நீக்கக் கோருதல்

அனுப்புபவர்:
ஜசிந்தா அம்புறோஸ் (வயது 56),
சிகிச்சைச் சவாரிப் பயிற்றுநர்,
வுப்பர்டால்.

பெறுபவர்:
தலைமைக் கால்நடை வைத்தியர் அவர்கள்,
மாவட்டக் கால்நடை அலுவலகம்.

விடயம்: லோட்டே என்னும் பெண் குதிரைக்கு விதிக்கப்பட்ட தடையை நீக்குதலும், என்மீது நடவடிக்கை எடுத்தலும்.

மதிப்பிற்குரிய அம்மணி,

1. யாருக்கெதிராக முறையிடுகிறேன் என்று தாங்கள் தேடவேண்டிய தேவையில்லை. எனக்கெதிராகத்தான். கடந்த மே மாதம் 14ஆம் திகதி எங்கள் சவாரிச் சங்கத்தின் லாயத்தில் ஒரு சிறுமி குதிரையிலிருந்து விழுந்து கை முறிந்தது. அதுபற்றித் தங்களுக்கு அறிக்கை எழுதியவள் நான். "குதிரை திடீரென நின்றதால் பிள்ளை விழுந்தது" என்று எழுதினேன். அந்த வரியை நம்பியே தாங்கள் லோட்டேயைச் சிகிச்சைக்கு ஒவ்வாத குதிரை என்று பதிவு செய்தீர்கள். தங்கள் முடிவில் பிழையில்லை. பிழையான காகிதம் தந்தவள் நான்.

2. அந்த அறிக்கையை ஜேர்மன் மொழியில் எழுதினேன். ஐந்து வரி, மளமளவென்று எழுதிவிட்டேன். லாயத்துக்கும் வைத்தியர் கடிதத்துக்கும் என் ஜேர்மன் போதும். செய்த பிழையைச் சொல்ல அது போதாது. ஆதலால் இதைத் தமிழில் எழுதுகிறேன். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் திரு. பார்த்தசாரதி இதை மொழிபெயர்த்து இணைப்பார். எதையும் பூசி மெழுகிவிட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்வேன்.

3. நான் நெடுந்தீவில் பிறந்தவள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் இருக்கும் அந்தத் தீவில் சொந்தக்காரர் இல்லாத குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரியும். கோடையில் வீட்டுக் குடிதண்ணீரை வாளியோடு கொண்டுபோய் அவற்றுக்கு வைத்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். 1991இல் அகதியாக இங்கே ஜேர்மனிக்கு வந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவிய எட்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் லாயம் கூட்டினேன். எங்கள் ஆட்கள் "சாணி அள்ளுற ஜசிந்தா" என்று பட்டம் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும்! பிறகு முறையாகப் படித்து 2007இல் சிகிச்சைச் சவாரிக்கான சான்றிதழைப் பெற்றேன். பதினெட்டு வருடத்தில் நடக்க ஏலாத, பேச ஏலாத, பயந்த எத்தனையோ பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றியிருக்கிறேன். அவர்களில் ஒரு தமிழ்ப் பிள்ளைகூட இல்லை. அது என் மனதில் முள்ளாகவே இருந்தது.

4. இந்த வருடம் ஏப்ரலில் கெல்சென்கிர்ச்சனிலிருந்து திருமதி இராஜேஸ்வரி தம் இளைய மகள் மிதுசாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குப் பத்து வயது. பேச்சுக் குறைவு, ஆட்களைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொள்வாள். அப்படிப்பட்டவள் லோட்டேயின் கழுத்தில் கையை வைத்துவிட்டு, அவளுடைய பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். படிவம் நிரப்பும் நேரம் தாய் என்னை வெளியே கூப்பிட்டு, பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்று சொன்னார். சொன்ன கையோடு, "அக்கா, அதை மட்டும் எழுதாதேங்கோ. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுறம். எங்கட சனத்தைத் தெரியும்தானே, பரம்பரை வருத்தம் எண்டு கதை கட்டிப்போடுவினம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

5. வலிப்பு உள்ள பிள்ளையை நரம்பியல் வைத்தியரின் எழுத்து அனுமதியின்றிக் குதிரையில் ஏற்றக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் இரண்டு பக்கமும் ஆள் நடக்க வேண்டும். இந்த விதியைப் புதிதாக வருபவர்களுக்குப் படிப்பிப்பதே நான்தான். படிவம் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும், எந்தத் தமிழரும் பார்க்கப்போவதில்லை என்று அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சம்பந்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் நானும் எங்கள் சனத்தோடு சனமாகிவிட்டேன். அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை வருடம் கழித்து வந்த முதல் தமிழ்ப் பிள்ளையை வைத்தியரைச் சந்திக்கும் ரெர்மின் திகதிக்காக மூன்று மாதம் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. வலிப்பு என்ற கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் என் கையாலேயே புள்ளடி போட்டேன்.

6. மே 14 ஐந்தாவது சவாரி. கயிற்றைப் பிடித்தபடி நான் முன்னால் நடந்தேன். பக்கத்தில் ஆட்களை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். இரண்டாவது சுற்றில் லோட்டே நின்றுவிட்டாள். "நடவடி" என்று அதட்டி இழுத்தேன். அசையவில்லை. மறுபடியும் இழுத்தேன். அதற்குள் மிதுசாவின் உடம்பு விறைத்து வெட்டத் தொடங்கியது. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் சரிந்து விழுந்துவிட்டாள். விழுந்த இடம் குதிரையின் கால்களுக்கு நடுவில். ஐந்நூறு கிலோ எடையுள்ள மிருகம் அது. வலிப்பு அடங்க மூன்று நிமிடம் ஆனது. நான் கயிற்றை விட்டுவிட்டேன், வேறு யாரும் பிடித்திருக்கவில்லை. லோட்டே ஒரு குளம்பைக்கூடத் தூக்கவில்லை. வலிப்பு வருவதை அறிந்துதான் நின்றாளா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சத்தியம் செய்யமாட்டேன். அவள் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் பிள்ளை இன்று எங்களோடு இல்லை என்பதற்குச் சத்தியம் செய்வேன்.

7. வைத்தியசாலை நடைக்கூடத்தில் இருந்துதான் அந்த ஐந்து வரியையும் எழுதினேன். வைத்தியர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர்கள் வெளியே சொல்லக் கூடாதவர்கள். குதிரை நின்றது உண்மை, பிள்ளை விழுந்ததும் உண்மை. இடையில் நடந்ததை விழுங்கிவிட்டேன். வாயில்லாத சீவன், எதிர்த்துப் பேசாது என்ற துணிவு. சீ, என்ன மனுசி நான்!

8. தங்கள் பதிவின் பிறகு சங்கம் லோட்டேயைச் செப்ரெம்பர் 30ஆம் திகதி அனுப்பிவிட முடிவு செய்துள்ளது. அவளுக்குப் பத்தொன்பது வயது. தடை விழுந்த கிழட்டுக் குதிரையை வளர்க்க எவரும் முன்வரவில்லை. நானே எடுக்கலாம் என்றால், மூன்றாம் மாடியில் இரண்டு அறையில் குடியிருக்கிறேன். ஒரு குதிரை வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். அவரிடம் போகும் குதிரைகள் எந்த இறைச்சிக்கூடத்தில் போய்ச் சேரும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவளில் ஏறிப் பழகிய ஏழு பிள்ளைகளுக்கு, லோட்டே ஓய்வு எடுக்கப்போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய்.

9. உண்மையைச் சொல்ல அனுமதி கேட்டு இராஜேஸ்வரியின் வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம் அழுதார். இரண்டாம் தரம் கதவைத் திறக்கவில்லை. அவரில் நான் குறை சொல்லமாட்டேன். இன்னொருவரின் பிள்ளைக்குள்ள வலிப்பு வருத்தத்தை அவரைக் கேளாமல் எழுதிக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனபடியால் இந்த மனுவை முதலில் அவருக்கே தபாலில் அனுப்புகிறேன். அவர் ஒப்பமிட்டால் மட்டுமே இது தங்களிடம் வரும். இல்லாவிட்டால் என் அறிக்கை பொய் என்று மாத்திரம், காரணம் சொல்லாமல், வேறொரு கடிதம் எழுதுவேன். காரணம் இல்லாத கடிதத்துக்காக யாரும் ஒரு குதிரையை விடுவிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

10. ஆகவே, வியாபாரி வருவதற்கு முன்னர் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து லோட்டேயைப் பார்த்து, அவள் பெயரில் உள்ள தடையை எடுத்துவிடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள். என் சான்றிதழைப் பறிக்கும் அதிகாரம் வேறு அலுவலகத்துக்கு உரியதென்றால் இதை அங்கே அனுப்பிவையுங்கள், எதிர்த்துப் பேசமாட்டேன். குதிரைகளை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. விட்டுப் போவது நோகும். நோகட்டும், அம்மணி.

இங்ஙனம்,
தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்ட,
(ஒப்பம்) ஜசிந்தா அம்புறோஸ்

இடம்: வுப்பர்டால்
திகதி: 15.09.2025

பிள்ளையின் தாய் எழுதுவதற்கான இடம்:

வாசித்தேன். எல்லாம் உண்மை. என் மகள் மிதுசாவுக்கு நாலு வயதிலிருந்து வலிப்பு. எழுத வேண்டாம் என்று கேட்டது நான். நேற்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அவையள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. குதிரையை விட்டிடுங்கோ.

(ஒப்பம்) இராஜேஸ்வரி
கெல்சென்கிர்ச்சன், 22.09.2025