பெஞ்சிலிருந்து விழுகிறவன்

12-5-1988, வியாழன்

இடுப்பில் தைலம் தேய்த்தாயிற்று. வலி அடங்கவில்லை. கோபமும்தான்.

எட்டு வருடத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் ஹாலில் நானும் மச்சான் அருளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பியானோவை வாசித்தோம். அவர் கொஞ்சம் நகர்ந்ததில் நான் தவறிக் கீழே விழுந்தேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து எந்த மேடையானாலும் அவர் இடிக்க வேண்டும், நான் விழ வேண்டும். பியானோ போய்க் கீபோர்டு வந்தது. விழுவது மட்டும் மாறவில்லை. வீட்டிலும் சொல்ல முடியாது. என் மனைவிக்கு அவர் அண்ணன்.

இன்று சாயங்காலம் தளவாய்புரத்தில் கோயில் கொடைத் திருவிழா. ஒரே ஒரு பாட்டை முழுசாக வாசிக்க விடுங்கள் என்று போகும்போதே பஸ்ஸில் கேட்டிருந்தேன். தலையாட்டினார். இரண்டாவது சரணத்தில் இடித்துவிட்டார்.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். “போதும் மச்சான். இனிமே ஒங்க கூட வாசிக்க வரமாட்டேன். இதான் கடைசி.” அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் விசிலடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மச்சான் என் தோளில் கை போட்டார். “மாப்ளே, எம்புட்டு கைதட்டல் பாத்தியளா! அழுகையெல்லாம் போட்டு அசத்திட்டிய. ஞாயித்துக்கெழமை ராஜபாளையம் கல்யாணத்துலயும் அப்படியே சொல்லிருங்க.”

“நெசமாத்தான் சொன்னேன் மச்சான்.”

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இதையும் சேத்துக்கிடுவோம்” என்றார்.